முந்நூறு டிகிரிக்குக் கீழே

பிரிக்பீல்ட்ஸ்,
17 ஆகஸ்டு 2025

அன்பு மாப்பிள்ளை தம்புசாமிக்கு,

சிவநேசன் எழுதுவது. என் உடம்பு பெரிதாகப் படுத்தாமல் இருக்கிறது. உங்கள் சர்க்கரையும் தங்கை நல்லம்மாளின் முட்டிவலியும் எந்த அளவில் இருக்கின்றன என்று எழுதுங்கள்.

போன ஞாயிறு நல்லம்மாள் இங்கே வந்தபோது, உங்கள் பட்டறை உலையில் அலகு வேல் ஏன் வளைகிறது என்று நீங்கள் கேட்டனுப்பிய கேள்விக்கு இது பதில். கடிதம் நீளும். அதனால் என்னென்ன எழுதப்போகிறேன் என்பதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நான் ஏன் எழுத்தில் பதில் சொல்கிறேன்.
2. உங்கள் உலையில் வேல் ஏன் வளைகிறது.
3. குறைந்த சூட்டில் நைட்ரைடு உண்டாக்க முடியுமா.
4. சரியாக வந்தால் என்ன நிறம்.
5. ஆபத்து.

முதலாவது. தொண்டைக் கட்டிக்காகக் குரல்வளையை எடுத்த பிறகு எனக்குப் பேச்சில்லை. மருத்துவமனையில் கொடுத்த கருவியைக் கழுத்தில் வைத்தால் ஈ இரைவது போல ஒரு சத்தம் வரும். பக்கத்து வீட்டுக் குழந்தை அதைக் கேட்டு அழுதது. இழுப்பறையில் வைத்துவிட்டேன். கைத்தொலைபேசியில் தமிழ் தட்ட என் கண் ஒத்துழைக்காது. குரல் போனவனுக்கு எழுத்துத்தான் வழி. தப்பாக எழுதினால் கிழித்துவிட்டு மறுபடி எழுதலாம் என்ற வசதியும் இதில் உண்டு.

இரண்டாவது. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிடித்துக்கொண்டிருப்பவை. அவற்றைப் பிரித்து உலோகத்தோடு சேர்த்து, நைட்ரைடு என்ற கெட்டித் தோலாக்கப் பெருஞ்சூடு வேண்டும். அதனால்தான் உலைக்குள் அம்மோனியா வாயுவைச் செலுத்தி, தொள்ளாயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறீர்கள். நீங்கள் வழக்கமாகக் கெட்டிப்படுத்தும் துளைப்பான் முனைகள் அதைத் தாங்கும். கன்னத்தில் குத்தும் அலகு வேல், அதுவும் மெல்லிய டைட்டேனியத் தகட்டில் வெட்டியது, தாங்காது. வளையும், நொறுங்கும்.

மூன்றாவது. முடியும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. சோடியம் அமைடு என்ற உப்பில் நைட்ரஜன் ஏற்கனவே பிரிந்து நிற்கிறது. அதை உருக்கி அதற்குள் உலோகத்தை வைத்தால், முந்நூறு டிகிரிக்குக் கீழேயே நைட்ரைடு உருவாகலாம். ஆனால் ஆய்வுகள் பெரும்பாலும் பொடியில் செய்தவை. தகட்டில் நடக்குமா என்று எனக்கு உறுதியில்லை.

நான்காவது. டைட்டேனியம் நைட்ரைடு பொன்னிறம். நல்ல பழுத்த மஞ்சள். அந்த மஞ்சள் வந்துவிட்டால் வென்றோம். அது முலாம் அல்ல, உலோகத்தின் தோலே அப்படி ஆகிவிடுவது. உரியாது.

ஐந்தாவது. இந்த உப்புக்கும் தண்ணீருக்கும் ஆகாது. காற்றில் இருக்கும் ஈரமே போதும் அதைக் கெடுக்க. பழைய சரக்கைப் பற்றி ஏதோ ஒன்று நினைவில் நிற்கிறது. தவறாகவும் இருக்கலாம். சரிபார்த்து எழுதுகிறேன்.

தங்கைக்கு என் அன்பு. மகள் உஷாராணி சுபாங் ஜெயாவில் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து அறைக்குத் திரும்ப நேரமாகிறதாமே, பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சிவநேசன்


கிள்ளான்,
29 ஆகஸ்டு

மச்சான் அவர்களுக்கு,

தம்புசாமி வணக்கம். என் சர்க்கரை ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல, பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் மாதிரி அதே இடத்துல நிக்குது. நல்லம்மா முட்டிக்குத் தைலம் தேச்சுத் தேச்சு, இப்ப சோறுகூட தைலம் மணக்குது.

நான் ஒரு கேள்வி கேட்டேன், நீங்க அஞ்சு பதில் போட்டிருக்கீங்க. "சாம்பாருக்கு உப்புப் போடவே எங்க அண்ணன் ரெண்டு நாள் யோசிப்பாரு"ன்னு நல்லம்மா சிரிக்குது. ஆனா நல்லா வெளங்குச்சு. உலைய விட்டு எடுத்தா வேல் அப்பளம் மாதிரி நெளிஞ்சு வர்றது ஏன்னு இப்பத்தான் தெரியுது.

நான் இதுல ஏன் இவ்வளவு நிக்கிறேன்னு உங்களுக்குத் தெரியணும். இந்த வருசம் தைப்பூசத்துக்குப் பத்துமலையில நம்ம தெரு குமுதா மகன் குத்திக்கிட்ட வேல் என் பட்டறையில முலாம் போட்டது. கன்னத்துக்குள்ள முலாம் உரிஞ்சு தங்கிடுச்சு. சீழ் புடிச்சு, முகம் பப்பாளி மாதிரி வீங்கி, ஆஸ்பத்திரியில கெடந்தான். அவங்கம்மா என்னை ஒரு வார்த்த சொல்லல. பாசார்ல காய்கறி வாங்குறப்ப பார்த்தா "வாங்கண்ணே, டீ குடிச்சீங்களா"ன்னு கேக்குது. திட்டினா வாங்கிக்குவேன் மச்சான். இந்த டீயத்தான் என்னால முழுங்க முடியல.

அந்தப் பய என்ன சொல்றான் தெரியுமா? "அங்கிள், வர்ற தைப்பூசத்துக்கும் உங்க வேல்தான்"ங்கிறான். இந்தத் தடவ உரியவே கூடாது. நீங்க சொன்னீங்களே, தோலே அப்படி ஆகணும்னு. அதான் வேணும்.

சுங்கை வேயில ஒரு பழைய ஃபேக்டரி மூடிட்டாங்க. அங்க ஸ்டோர காலி பண்றது நம்ம இரும்புக்கட ஹஸ்ஸான். அந்த உப்பு இருக்கான்னு பாக்கச் சொல்லியிருக்கேன்.

நெஞ்சுல சளி கட்டாம பாத்துக்குங்க.

தம்புசாமி


பிரிக்பீல்ட்ஸ்,
9 செப்டம்பர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் படித்துச் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு இப்போது கழுத்துத் துளை வழியாகக் காற்றாகத்தான் வரும் என்றாலும் சிரிப்பு சிரிப்புத்தான். தங்கையின் தைலத்தை அளவாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

குமுதாவின் மகனைப் பற்றி எழுதியது மனத்தில் தங்கிவிட்டது. உங்கள் நிலையில் இருந்தால் நானும் அந்த டீயை விழுங்க முடியாமல்தான் இருந்திருப்பேன்.

ஹஸ்ஸானின் ஸ்டோர்ச் சரக்கு வேண்டாம் என்று எனக்குப் படுகிறது. புதியதை முறையாக வாங்குவது நல்லது. இன்னொரு யோசனையும் உண்டு. கல்லூரியில் என்னிடம் வேதியியல் படித்த தாமரை இப்போது பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் நடத்துகிறார். அங்கே காற்று நுழையாத கண்ணாடிப் பெட்டி இருக்கும். பெட்டியில் பொருத்திய கையுறைகளுக்குள் கைவிட்டு உள்ளே வேலை செய்வார்கள். ஒரு சின்ன டைட்டேனியத் துண்டை அவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் பல வருடமாக நான் அவருக்கு ஒரு வாழ்த்துக்கூட அனுப்பியதில்லை. திடீரென்று போய் உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து எழுதுகிறேன்.

தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவசரப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

எல்லாருக்கும் என் விசாரிப்பு.

சிவநேசன்


கிள்ளான்,
6 அக்டோபர்

மச்சான்,

இங்க எல்லாரும் சௌக்கியமா நடமாடிக்கிட்டு இருக்கோம். அங்க சாப்பாடு நேரத்துக்கு நடக்குதா? நல்லம்மா முறுக்கு சுட்டுக்கிட்டு இருக்கு, உஷா வர்றப்போ கொடுத்து அனுப்புறேன்.

நல்ல செய்தி. ஹஸ்ஸான் கொண்டாந்துட்டான். பெரிய கண்ணாடிப் போத்தல், மெழுகு வச்சு அடைச்சது, பேர் சரியா ஒட்டியிருக்கு. நீங்க எழுதின அதே பேர். காசு வேணாம்னுட்டான். "எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணே, இது எங்கிட்ட இருந்தா பூனகூட திங்காது"ங்கிறான்.

ஒரு விசயம். புஸ்தகத்துல வெள்ளை உப்புன்னு இருக்குன்னு உஷா கைத்தொலைபேசியில பார்த்துச் சொன்னா. இது மஞ்சளா இருக்கு. மேல நல்ல மஞ்சள், அடியில இன்னும் கொஞ்சம் கறுத்த மஞ்சள். கட்டியாவும் இருக்கு. மஞ்சள் வந்தா வென்றோம்னு எழுதியிருந்தீங்களே, இது வேலுக்கு முன்னாடியே மஞ்சளாயிடுச்சு. "மஞ்சள் தானா வந்து வீட்டுல நிக்குது, நல்ல சகுனம்"னு நல்லம்மா போத்தலுக்குக் குங்குமம் வச்சிடுச்சு. வேணாம்னு சொன்னா கேக்குதா?

சரிதானே மச்சான்? கட்டியத் தட்டி ஒடச்சா தூளாயிடும். தீபாவளி கழிச்சுத்தான் போத்தலத் திறப்பேன். அதுக்குள்ள ஒரு வரி எழுதுங்க. ஒரு வரி போதும், அஞ்சு வேணாம்.

தம்புசாமி


பிரிக்பீல்ட்ஸ்,
13 அக்டோபர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. என் உடம்பு பரவாயில்லை. தீபாவளி வேலைகள் தங்கைக்கு அதிகமாக இருக்கும். ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

நிறத்தைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குச் சற்று உறுத்துகிறது. பழைய அமைடு மஞ்சளானால் அதைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று நினைவில்லை. அரைகுறை நினைவை வைத்துக்கொண்டு பண்டிகை நேரத்தில் உங்களைக் கலவரப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஒருவழியாகத் தாமரைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். சரிபார்த்து உறுதியாக எழுதுகிறேன்.

அதுவரை பொறுத்திருப்பது நல்லது என்று தோன்றுகிறது.

முறுக்கு வந்தது. தண்ணீரில் ஊறவைத்துத் தின்றேன்.

சிவநேசன்


பிரிக்பீல்ட்ஸ்,
27 அக்டோபர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிப்பை இந்தத் தடவை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் போத்தலைத் தொடாதீர்கள். திறக்க வேண்டாம், அசைக்க வேண்டாம், தட்டவே வேண்டாம். சோடியம் அமைடு காற்றுப் பட்டு நாளாகி மஞ்சளானால் அதற்குள் வெடிக்கும் பொருள் உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு தட்டு, ஓர் உரசல் போதும். பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள், அவர்கள் ஆள் அனுப்புவார்கள்.

நான் நான்காவதாக எழுதிய மஞ்சள் வேலின் மஞ்சள். இது உப்பின் மஞ்சள். இரண்டும் வேறு வேறு. இதை நான் முதலிலேயே பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

தாமரையின் பதில் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. அதன் பிறகு நான் இன்னொரு புத்தகத்தையும் பார்த்து உறுதி செய்தேன். பிறகு எழுத உட்கார்ந்தால் வாக்கியம் ஒன்று மிரட்டுவது போல வந்தது, ஒன்று குழப்பமாக வந்தது. சில முறை எழுதிக் கிழித்தேன். இது கடைசியாக எழுதியது.

நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். உடனே பதில் போடுங்கள்.

சிவநேசன்


கிள்ளான்,
10 நவம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நல்லம்மாள் எழுதிக்கொள்வது. நாங்கள் இருக்கிறோம். நீங்கள் கழுத்தில் ஈரத்துணி கட்டிக்கொள்கிறீர்களா? மழைக்காற்று ஆகாது.

உங்கள் கடிதம் வந்தது. அந்தப் போத்தல் இப்போது இங்கே இல்லை. அதைப் பற்றி இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அவருக்குக் கையில் கொஞ்சம் காயம், வேலை செய்யும்போது பட்டது. அதனால்தான் நான் எழுதுகிறேன். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

பட்டறையைக் கொஞ்ச நாள் மூடியிருக்கிறோம். நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம் அண்ணா. மழை, ரயிலில் கூட்டம். உஷா வாரக் கடைசியில் வந்துவிடுகிறாள். எனக்கு ஒத்தாசையாக இருக்கிறது.

சாப்பாட்டை நன்றாகக் கரைத்துக் குடியுங்கள்.

தங்கை
நல்லம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்,
21 நவம்பர்

அன்புத் தங்கை நல்லம்மாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தேன். போத்தல் போய்விட்டது என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருந்தேன். மாப்பிள்ளையின் கைக்காயம் ஆழமா? சர்க்கரை உடம்பு, புண் ஆற நாளாகும். மருந்து வைத்துக் கட்டச் சொல்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் என் வாழ்நாளில் எதையும் நேரத்துக்குச் சொன்னவன் அல்ல. கல்லூரியில் கூட்டங்களில் எனக்குத் தோன்றியதை வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்லிப் பார்ப்பேன், சுவரிடம். உன் அண்ணி மருத்துவமனையில் இருந்தபோதுகூட டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் திரும்பி வந்தேன். இந்த ஒரு தடவை என் கடிதம் நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு மனிதரின் உயிர் என் எழுத்தால் தப்பியது என்று நினைக்கும்போது பெருமை என்று சொல்ல மாட்டேன், ஆனால் சோறு இறங்குகிறது.

இதை எதிர்வீட்டு ராதாகிருஷ்ணனுக்கும் எழுதிக் காட்டினேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தாமரை ஒரு துண்டைத் தன் கூடத்தில் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையிடம் சொல்.

அண்ணன்
சிவநேசன்


கிள்ளான்,
15 டிசம்பர்

மச்சான்,

தம்புசாமி சொல்றேன், நல்லம்மா எழுதுது. கைக்கட்டு இன்னும் அவிழ்க்கல. நான் சொல்றதுல பாதிய இது எழுத மாட்டேங்குது, அதனால நடுவுல எங்கயாவது ஒட்டாம இருந்தா குத்தம் என்னுது இல்ல.

நீங்க சொன்னதுதான் சரி மச்சான். அந்த மஞ்சள் கெட்ட மஞ்சள். சோறு இறங்குதுன்னு எழுதியிருந்தீங்களே, அத நல்லம்மா படிச்சப்போ எனக்கு வயிறு நெறைஞ்சு போச்சு. நல்லா சாப்பிடுங்க லா. எலும்பும் தோலுமா இருக்கீங்க.

எனக்கு இப்ப ரேடியோதான். காலையில ரேடியோ, மத்தியானம் ரேடியோ. இந்தத் தெருவுல எத்தன மோட்டார் சைக்கிள் இருக்குன்னு இப்பத்தான் தெரியுது. ஒவ்வொன்னும் ஒவ்வொரு சத்தம். மழ வர்றதும் முன்ன மாதிரி இல்ல, தூரத்துலயே கேக்குது.

வேல் வேலைய விட்டுட்டேன். குமுதா மகன் வந்தான். "வேற எடத்துல பாருடா"ன்னுட்டேன். அவன் அழுதான். எதுக்கு அழுறான்னு தெரியல.

ராதாகிருஷ்ணன கேட்டதா சொல்லுங்க.

தம்புசாமி
(நல்லம்மாள் கையால்)


பிரிக்பீல்ட்ஸ்,
5 ஜனவரி 2026

அன்பு மாப்பிள்ளைக்கு,

புது வருடத்தில் உங்கள் கை முழுவதும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். இரவில் இருமல் சற்றுக் குறைந்திருக்கிறது.

இந்த உறையைப் பிரிக்கும்போது கவனம். உள்ளே மெல்லிய தாளில் சுற்றி ஒரு சிறு துண்டு வைத்திருக்கிறேன். தாமரை செய்து முடித்துவிட்டார். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, புதிய உப்பைக் கொண்டு, முந்நூறு டிகிரிக்குக் கீழேயே. தகடு வளையவில்லை. நான் நகத்தால் சுரண்டினேன், ஊசியால் கீறினேன், இரண்டு விரலால் மடக்கிப் பார்த்தேன். உரியவில்லை. கேட்டதும் உடனே செய்து கொடுத்தார். செப்டம்பரிலேயே கேட்டிருந்தால் தீபாவளிக்கு முன்பே உங்கள் கையில் இருந்திருக்கும். என் கூச்சம்.

இதை வாசலில் நல்ல வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எனக்குக் கண் மங்கல், நிறத்தில் என் பேச்சை நம்ப முடியாது. உங்களுக்குப் பட்டறைக் கண். நான் சொன்ன பழுத்த மஞ்சள் இதுதானா, இல்லை இன்னும் சற்றுச் சிவப்பாக வேண்டுமா? குமுதாவின் மகனுக்கும் காட்டுங்கள். நிறம் சரி என்றால் தைப்பூசத்துக்குள் ஒரு வேலாவது செய்து தருவதாகத் தாமரை சொல்கிறார்.

ஒரு வேண்டுகோள். இரண்டு வரியானாலும் உங்கள் கைப்பட எழுதுங்கள். உங்கள் கோணல் எழுத்தைப் பார்த்து நாளாகிவிட்டது.

சிவநேசன்


சுபாங் ஜெயா,
14 ஜனவரி 2026

அன்புள்ள மாமாவுக்கு,

உஷாராணி எழுதுகிறேன். நாளை பொங்கல். உங்களுக்கு வாழ்த்துச் சொல்லத்தான் தாளை எடுத்தேன். முடியவில்லை. இதை எழுத வேண்டாம் என்று அப்பாவும் அம்மாவும் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கண் தெரியாது மாமா. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிறது, அதுவும் சில நாள். வலது கையில் மூன்று விரல் இல்லை.

அக்டோபர் கடைசி புதன்கிழமை அது. தீபாவளி விடுமுறை முடிந்து பட்டறையைத் திறந்திருந்தார். ஹஸ்ஸான் அண்ணன் கூட இருந்தார், அவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். போத்தலின் மெழுகைச் சுரண்டும்போது அவர் கேட்டிருக்கிறார், "அண்ணே, மச்சான் கடுதாசி வரட்டும் லா, என்ன அவசரம்?" என்று. அதற்கு அப்பா, "மச்சான் கடுதாசி வர்றதுக்குள்ள அடுத்த தைப்பூசமே வந்துடும்டா. அவரு பொறுங்கன்னு எழுதியிருக்காரு. அவரு கோப்பி ஆறுறதுக்கே பொறுங்கன்னு சொல்ற ஆளு!" என்று சிரித்திருக்கிறார். கட்டியாக இருந்ததால் கம்பியை உள்ளே விட்டுத் தட்டினார். ஹஸ்ஸான் அண்ணன் தேநீர் வாங்க வாசலுக்குப் போனதால் தப்பினார். அவருக்கு இன்னும் ஒரு காது கேட்கவில்லை.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நாங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தபால் பெட்டியில் மழையில் நனைந்து கிடந்ததை அம்மா அடுத்த வாரம்தான் எடுத்தார். அடுப்பில் போட்டுவிடு என்றேன் நான். அம்மா போடவில்லை, அப்பாவுக்குப் படித்துக் காட்டினார். அப்பா கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: "மச்சானுக்குச் சொல்லிடாதீங்க. சொன்னா அப்புறம் அவரு யாருக்கும், எதுக்கும் பதிலே எழுத மாட்டாரு."

நீங்கள் அம்மாவுக்கு எழுதினீர்களே, ஓர் உயிர் தப்பியது, சோறு இறங்குகிறது என்று. அதை அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அம்மா படித்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

இப்போது அந்தத் துண்டு வந்திருக்கிறது. அப்பா இடது கட்டைவிரலால் அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "வழவழன்னு இருக்கு. உரியாது. என்ன நெறம் நல்லம்மா?" என்றார். நான்தான் மஞ்சள் என்றேன். "பழுத்த மஞ்சளா?" என்றார். ஆமாம் என்றேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கைப்பட எழுதுங்கள் என்று இனியும் நீங்கள் எழுதிக்கொண்டே இருக்கக் கூடாது. அதற்காகத்தான் இது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உஷாராணி


பிரிக்பீல்ட்ஸ்,
3 பிப்ரவரி 2026

மாப்பிள்ளை தம்புசாமி அவர்களுக்கு,

நல்லம்மா, இதை ஒரு வரி விடாமல் படித்துக்காட்டு. அழுகை வந்தால் நிறுத்தி, முகம் கழுவிவிட்டு வந்து மீதியைப் படி. உஷாவை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம்.

எனக்கு எல்லாம் தெரியும் மாப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை தைப்பூசத்தன்று கே.எல். சென்ட்ரலுக்கு நடந்துபோய்க் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். எதிர்ப் பக்கத்து நடைமேடை முழுவதும் பத்துமலைக்குப் போகிற மஞ்சள் உடைக் கூட்டம். நான் போன ரயிலில் ஆளே இல்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அது எவ்வளவு தூரம் என்பதையே நான் மறந்திருந்தேன்.

நீங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் ரேடியோ. நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். என் மூச்சு கழுத்துத் துளையில் இரைந்தது உங்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். ரேடியோவை நிறுத்தினீர்கள்.

"யாரு லா அது?" என்றீர்கள். "ஹஸ்ஸானா?"

நான் கேட்டை நெருங்கினேன்.

"ஹஸ்ஸான் இல்லையா? திருடனா? உள்ள வந்து பாருடா, எடுத்துட்டுப் போக ஒன்னும் இல்ல. வேணும்னா பொண்டாட்டி இருக்கு, முட்டிவலியோட" என்று சிரித்தீர்கள்.

கேட்டின் கொண்டியில் கை வைத்தேன். என்னிடம் எழுதுபலகை இருந்தது. வரும் வழியெல்லாம் அதில் என்ன எழுதுவது என்று யோசித்து வந்திருந்தேன். அதை உங்களுக்கு எப்படிக் காட்டுவேன்? அந்தக் கருவி இங்கே இழுப்பறையில் கிடந்தது. எடுத்து வர வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பிறகு நீங்கள் சிரிப்பை விட்டுவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, "மச்சானா?" என்று கேட்டீர்கள்.

நான் திரும்பி நடந்துவிட்டேன். தெருமுனையை அடைவதற்குள் இன்னும் ஒரு முறை கூப்பிட்டீர்கள். காதில் விழுந்தது.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றை நேற்றும் இன்றும் எழுதிப் பார்த்தேன். எது எழுதினாலும் அதை என் தங்கையின் வாயால்தான் நீங்கள் கேட்க வேண்டும். அவள் என்னை மன்னிக்கச் சொல்லி உங்களிடம் கெஞ்சுவதுபோல அது ஆகிவிடும். அதனால் எழுதவில்லை.

உங்கள் உடம்பை விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

இன்று காலை என் முதல் கடிதத்தை வரிசையாக நினைவுபடுத்திப் பார்த்தேன். வேல் வளைவதற்குச் சொன்ன காரணம் சரி. முந்நூறு டிகிரிக்குக் கீழே முடியும் என்பது சரி, தாமரை செய்தே காட்டிவிட்டார். நிறம் சரி. ஆபத்தைப் பற்றி எழுதியது குறை, ஆனால் தவறல்ல.

முதலாவதாக எழுதியதுதான் தவறு. குரல் போனவனுக்கு எழுத்துத்தான் வழி என்று எழுதியிருந்தேன். தாமரையின் பதில் வந்த அன்றே ரயில் ஏறி வந்து, உங்களுக்கும் அந்தப் போத்தலுக்கும் நடுவில் நான் நின்றிருந்தால் போதும். அதற்குக் குரல் வேண்டியதில்லை.

சிவநேசன்